இடது பக்கத்து வயலின்

செம்பனை எண்ணெய் ஆலையிலிருந்து ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்த முதல் மாதத்திலேயே என் மனைவிக்கு என்னைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. பகாவ் டவுனில் ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் அவள் சமைக்கிறாள். விடிவதற்கு முன் கிளம்பி, மதியத்துக்கு மேல் வீடு திரும்புவாள். காலையில் எந்த நாற்காலியில் என்னை விட்டுவிட்டுப் போனாளோ அதே நாற்காலியில்தான் நான் அப்போதும் இருப்பேன்.

"உங்களுக்கு ஏதாச்சும் வேல புடிச்சுக் குடுக்கணும்லா," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வேலையைப் பிடித்துக் கொடுத்தது அவளுடைய தம்பி.

மச்சானுக்கு சவுண்ட் சிஸ்டம் வாடகைக்கு விடும் தொழில். பகாவைச் சுற்றியிருக்கும் செம்பனைத் தோட்டங்களில் கோயில் திருவிழா என்றாலும் டவுனில் கல்யாணம் என்றாலும் பெரும்பாலும் அவனுடைய வேன்தான் வந்து நிற்கும். கேசட்டில் தொடங்கிய தொழில் அது. பிறகு சிடி வந்தது, பென்டிரைவ் வந்தது, மடிக்கணினி வந்தது. ஒவ்வொன்றும் வரும்போது பழையதில் இருந்ததை எல்லாம் அப்படியே அள்ளிப் புதியதில் கொட்டினான். யாராவது "இதுல நல்ல பாட்டா இருக்கு" என்று எதையாவது நீட்டினால் அதையும் வாங்கிக் கொட்டிவிடுவான். எடுத்துப் பார்த்து அடுக்கிவைக்க அவனுக்கு நேரம் இருந்ததே இல்லை.

ஒரு கல்யாணத்தில் அது அவன் கழுத்தைப் பிடித்தது. பெண்ணை மணமேடைக்கு அழைத்து வருகிறார்கள். பெண் வீட்டார் கேட்டிருந்த பாட்டின் பெயரைத் தட்டினான். ஒன்றும் வரவில்லை. பெயர் இருக்கிறது, பாட்டு இல்லை. பதறிப்போய் அதே பெயரில் அடுத்து இருந்ததைத் தட்டினான். அது அதே பாட்டுத்தான், ஆனால் யாரோ டப்பாங்குத்து தாளம் சேர்த்துக் கலக்கி வைத்திருந்த பதிப்பு. தலை குனிந்து நடந்து வந்த பெண் சிரித்துவிட்டாள். மாப்பிள்ளையும் சிரித்துவிட்டான். பெண்ணின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாளே மச்சான் என் வீட்டுக்கு வந்து மேசைமேல் ஒரு ஹார்ட் டிஸ்க்கை வைத்தான்.

"மாமா, எல்லாம் இதுக்குள்ள கெடக்கு. ஒரே பாட்டு நாலு வாட்டி அஞ்சு வாட்டி இருக்கு. நல்லது ஒன்ன வச்சுக்கிட்டு மத்தத தூக்கிப் போடுங்க. பேரு மட்டும் இருந்து பாட்டு இல்லாம கெடக்குறத என்னான்னு பாருங்க."

"எது நல்லதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"காது இருக்குல்ல மாமா. கேட்டுப் பாருங்க."

மகள் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போனபோது விட்டுவிட்டுப் போன பழைய மடிக்கணினி ஒன்று வீட்டில் இருந்தது. டிஸ்க்கை அதில் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். ஆலையில் பாய்லர் மீட்டர்களைப் பார்த்துப் பழகியவன் நான். கணினி எனக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் பாட்டு தெரியும்.

முதலில் காணாமல் போன பாட்டுகளைத்தான் பார்த்தேன். பாட்டு போடுகிற புரோகிராமில் அந்தப் பெயர்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆச்சரியக்குறி நிற்கும். தட்டினால் கோப்பு கிடைக்கவில்லை என்று சொல்லும். அம்மன் பாட்டுகள், உறுமி மேளம், திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வேண்டியது எல்லாம் அப்படித்தான் இருந்தன. எங்கேயோ தொலைந்துவிட்டன என்றுதான் மச்சான் நினைத்துக்கொண்டிருந்தான். இரண்டு நாள் மேய்ந்து பார்த்ததில் அவை டிஸ்க்குக்குள்ளேயே பத்திரமாக இருப்பது தெரிந்தது. இடம்தான் மாறியிருந்தது. மச்சான் ஒரு முறை விசேஷங்களுக்கான பாட்டுகளை எல்லாம் ஒன்றாக வைக்கலாம் என்று வேறொரு போல்டருக்கு மாற்றியிருக்கிறான். புரோகிராமோ பழைய இடத்திலேயே போய்த் தேடிக்கொண்டிருந்தது. எங்கள் தோட்டத்தில் வரிசை வீடுகளான லயங்களை இடித்து எல்லாரும் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீடுகளுக்கு வந்த பிறகும் கொஞ்ச காலம் கடிதங்கள் பழைய லயத்து எண்ணுக்கே வந்துகொண்டிருந்தன. அந்தக் கதைதான். புரோகிராமுக்குப் புது இடத்தைக் காட்டினேன். ஆச்சரியக்குறிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. பார்க்கப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மச்சானைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"மாமா, நீங்க எஞ்சினியராப் போயிருக்கணும்லா," என்றான்.

அந்தப் பேச்சில் எனக்குக் கொஞ்சம் தலை கனத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அடுத்தது ஒரே பாட்டு பல முறை கிடப்பது. அதைக் கணினியே கண்டுபிடித்துக் கொடுக்கும் என்று மகள் போனில் சொன்னாள். கொஞ்சத்தைத்தான் அதனால் பிடிக்க முடிந்தது. பெயரே தாறுமாறாக இருந்தால் அது என்ன செய்யும்? ஒரே பாட்டுக்கு ஒரு இடத்தில் தமிழில் பெயர். இன்னொரு இடத்தில் ஆங்கில எழுத்தில், அதுவும் ஆளுக்கொரு விதமாக. இன்னும் சிலவற்றுக்கு வெறும் எண். வேறு வழியில்லாமல் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன்.

மதியம் மனைவி வேலையிலிருந்து வந்து கொஞ்ச நேரம் படுப்பாள். அவள் தூக்கம் கெடக்கூடாது என்று இயர்போன் வாங்கி வந்தேன். காதுக்குள்ளே நன்றாகத் திணித்து வைத்துக்கொள்கிற வகை. காலையில் செருகினால் சாப்பாட்டுக்குத்தான் கழற்றுவேன். ஆலையில் இத்தனை வருஷம் இரைச்சலுக்கு நடுவில் நின்றவனுக்கு, யாரும் தொந்தரவு செய்யாமல் பாட்டு கேட்பதே ஒரு வேலையாக வாய்த்தது பெரிய பாக்கியமாகத் தெரிந்தது.

கொஞ்ச நாளில் ஒரு விஷயம் என் கவனத்துக்கு வந்தது. பழைய பாட்டுகளில் இரண்டு வகைப் பதிவுகள் இருந்தன. ஒன்று, கேசட்டிலிருந்தோ ரேடியோவிலிருந்தோ யாரோ எடுத்தது. மெல்லிய இரைச்சல் இருக்கும், ஆனால் பாட்டு முழுதாக இருக்கும். இன்னொன்று சிடியிலிருந்து எடுத்தது. துல்லியமாக, கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் அதில் ஏதாவது ஒன்று குறையும். பாடகி பாடுவாள், அவளுக்குப் பின்னால் வரவேண்டிய வயலின்கள் இருக்காது. அல்லது தபலா எங்கேயோ பக்கத்துத் தோட்டத்தில் அடிப்பதுபோல் கேட்கும். ஒரு பாட்டில் அல்ல, பாட்டுக்குப் பாட்டு அப்படி.

சிடி போட்டவர்கள்தான் அவசரத்தில் எதையோ விட்டுவிட்டார்கள் என்று முடிவு செய்தேன். மனைவியிடம் அதை விளக்கவும் விளக்கினேன்.

"புதுசு புதுசா மிஷின் வந்து என்னா பிரயோசனம்? வயலின முழுங்கிட்டானுங்க பாரு."

"எனக்கு ரெண்டும் ஒன்னாத்தான் கேக்குது," என்றாள், வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

அவள் கேட்டது மடிக்கணினியின் ஸ்பீக்கரில். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாட்டு கேட்கத் தெரியாதவள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். துல்லியமான பதிவுகளை ஒவ்வொன்றாக அழித்தேன். இரைச்சல் பதிவுகளை வைத்துக்கொண்டேன். வாரக்கணக்கில் இது நடந்தது.

அந்த வாரங்களில் வேறு சில விஷயங்களும் நடந்தன. சமையலறையிலிருந்து அவள் கூப்பிட்டால் நான் வாசலைப் பார்ப்பேன். டிவி சத்தத்தைக் கூட்டுவேன், அவள் வந்து குறைப்பாள். போனை எப்போதும் வலது பக்கம்தான் வைத்துக்கொள்வேன். காரில் அவள் இடது பக்கம் உட்கார்ந்து பேசிக்கொண்டே வருவாள், நான் பதில் சொல்லாமல் ஓட்டுவேன். "கல்யாணம் ஆயி இத்தன வருஷமாச்சு, இப்பதான் என் பேச்சு கசக்குதா?" என்று ஒரு நாள் கோபப்பட்டாள். எதையும் எதோடும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

வேலை முடிந்ததும் மச்சான் டிஸ்க்கை வாங்கிப் போய், தன் மடிக்கணினியில் இருந்த பழையதை முழுக்க அழித்துவிட்டு நான் சுத்தம் செய்ததை ஏற்றினான். அடுத்த வாரமே டவுனில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். நானும் போயிருந்தேன். எந்தப் பாட்டும் காணாமல் போகவில்லை, எதுவும் இரண்டு முறை வரவில்லை. கேட்டது கேட்டபடி வந்தது. மண்டபத்தின் பின்வரிசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பாட்டையும் நானே பாடியதுபோல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் மச்சான் என்னைத் தேடி வந்தான். முகம் சரியில்லை.

"மாமா, பழைய பாட்டெல்லாம் ஏன் சப்பையா கேக்குது? முன்ன வாசிக்கிறவன் நம்மளச் சுத்தி உக்காந்திருக்குற மாரி இருக்கும். இப்ப எல்லாம் ஒரு பொட்டிக்குள்ள போட்டு மூடுன மாரி இருக்கு. அந்த சிடி காப்பியெல்லாம் எங்க?"

"அது கெட்டுப்போன காப்பி. அழிச்சிட்டேன்."

"கெட்டுப்போச்சா? யார் சொன்னா?"

"வயலினே இல்லப்பா அதுல."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு மேடைக்குப் பக்கத்தில் இருந்த அவன் மேசைக்குக் கூட்டிப் போனான். அவன் கைப்பேசியில் ஒரு பாட்டு இருந்தது. அதுவும் சிடியிலிருந்து எடுத்ததுதான். நான் அழித்தவற்றில் ஒன்று. அவன் வேலைக்கு வைத்திருக்கும் பெரிய ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டுப் பாட்டைப் போட்டான்.

"கேட்டியா? வயலின் இல்ல," என்றேன்.

அவன் ஹெட்போனைக் கழற்றித் தன் தலையில் வைத்துக் கேட்டான். பாட்டு திரும்ப முதலிலிருந்து ஓடட்டும் என்று விட்டுவிட்டு, ஹெட்போனைத் திருப்பி, இடது பக்கம் வலது காதிலும் வலது பக்கம் இடது காதிலும் வருகிற மாதிரி என் தலையில் மாட்டினான்.

வயலின்கள் வந்தன. ஒன்றல்ல, இரண்டல்ல, ஒரு கூட்டமே வாசித்தது. இவ்வளவு நாளும் இல்லை என்று நான் சாதித்த வயலின்கள் காதுக்கு மிக அருகில் வாசித்துக்கொண்டிருந்தன. ஆனால் பாடகியைக் காணோம். அவள் எங்கேயோ சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பாடினாள்.

எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. பழைய பாட்டுகளில் வயலினை ஒரு பக்கமும் குரலை இன்னொரு பக்கமும் பிரித்து வைத்திருப்பார்கள் என்று மச்சான் மெதுவாகச் சொன்னான். கேசட் பதிவில் இரண்டு பக்கமும் ஒன்றாகக் கலந்திருக்கும். அதனால் ஒரு காதாலேயே எல்லாம் கேட்டுவிடும்.

"மாமா," என்றான், "பாட்டுல கோளாறு இல்ல. ஒங்க எடது காது கேக்கல."

மண்டபத்தில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் என் தோளில் கை வைத்தான். நான் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "அக்காகிட்ட சொல்லிடாத," என்றேன். எனக்கு முதலில் வாயில் வந்தது அதுதான்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆலையில் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் யாரும் காதுக்கு ஒன்றும் மாட்டுவதில்லை. காதடைப்பான் கட்டாயமானது பிறகுதான். அப்போதும் வெயிலுக்குப் புழுங்குகிறது என்று கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்வோம். என்னோடு செம்பனைப் பழம் அவிக்கும் இடத்தில் நின்ற ஒருவருக்கு ஓய்வுபெறுவதற்கு முன்பே காது போய்விட்டது. நல்ல வாயாடி மனிதர் அவர். காது போன பிறகு யார் என்ன சொன்னாலும் சிரிப்பார். சாவு வீட்டிலும் சிரிப்பார். என்ன பேசுகிறார்கள் என்று தெரியாததால் எதற்கும் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்ட சிரிப்பு அது. கல்யாண மண்டபத்திலிருந்து வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தச் சிரிப்புத்தான் என் கண்ணில் நின்றது.

வீட்டுக்கு வந்ததும் மகளுடைய மடிக்கணினியைத் திறந்து, அழித்த பாட்டுகள் அதன் குப்பைத் தொட்டியில் கிடக்கின்றனவா என்று பார்த்தேன். தொட்டி காலியாக இருந்தது. கணினியை மூடி வைத்துவிட்டேன். காது போனது ஒரு பக்கம். மச்சான் இருபது முப்பது வருஷமாகச் சேர்த்ததில் நல்லதை எல்லாம் பொறுக்கி எடுத்து அழித்தது இன்னொரு பக்கம். எதை நினைத்து வருந்துவது என்று தெரியாமல் சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

மச்சான் சொல்லாமல் இருப்பானா? அடுத்த நாளே அக்காவுக்குச் சொல்லிவிட்டான். அவள் கேண்டீனுக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்து நின்றாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். என் வலது பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"நான் பேசுறது கசந்துபோயிதான் பதில் சொல்லலன்னு நெனச்சேன்," என்றாள். "இது காதுதானா?"

"காதுதான்."

"அப்ப சரி. கெளம்புங்க. கிளினிக்குப் போவோம்."

அவள் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. எனக்கு அப்போது அது பிடிக்கவில்லை. இப்போது நினைத்தால் புரிகிறது.

பகாவ் கிளினிக்கில் டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். அழுக்கு முழுக்க அடைத்துக் கிடக்கிறது, உள்ளே சவ்வு எப்படி இருக்கிறது என்றே பார்க்க முடியவில்லை என்றார். ஆலையில் வேலை பார்த்தவன் என்று தெரிந்ததும் சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே சுத்தம் செய்து, காது கேட்கும் திறனையும் சோதித்துப் பார்ப்பார்களாம். அதுவரை ஊறவைக்க ஒரு எண்ணெய் மருந்து.

"அடப்பு எடுத்தா சரியாப் போயிருமா டாக்டர்?" என்று மனைவி கேட்டாள்.

"அடைப்பு மட்டும்னா சரியாயிடும். பின்னால என்ன இருக்குன்னு எடுத்துப் பார்த்தாதான் தெரியும்."

அந்தப் 'பின்னால' என்ற சொல்லைக் கட்டிக்கொண்டுதான் முறை வரும்வரை காத்திருந்தேன். மருந்து விட்டதில் இருந்த கொஞ்சமும் கேட்காமல் போயிற்று. ஊறி உப்பியிருக்கும் என்று சொன்னார்கள். சொல்லியும் பயம் போகவில்லை.

சிரம்பானுக்கு மச்சான்தான் வேனில் கூட்டிப் போனான். ஸ்பீக்கர் பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டு வந்திருந்தான். கோலாப் பிலா தாண்டி புக்கிட் புத்துஸ் மலையில் ஏறும்போது எல்லாருக்கும் காது அடைத்துத் திறக்கும். எனக்கு வலது காது மட்டும் திறந்தது. மச்சான் வழியெல்லாம் பாட்டே போடவில்லை. அவன் வேனில் பாட்டில்லாமல் நான் போனது அன்றுதான். அதுவே எனக்கு என்னவோ போல் இருந்தது.

"பாட்டுப் போடேன்பா," என்றேன்.

"வேணாம் மாமா. வரும்போது கேப்போம்."

காது டாக்டர் சின்ன வயது மலாய்ப் பெண். என் காதுக்குள் பார்த்துவிட்டு, "பக்சிக், இயர்போன் போடுற பழக்கம் இருக்கா?" என்று மாமா முறை வைத்து மலாயில் கேட்டாள்.

பாட்டு கேட்கிற வேலை, காலையிலிருந்து மாலைவரை என்றேன்.

அவள் சிரித்தாள். தானாக வெளியே வரவேண்டிய அழுக்கை நானே நாள்தோறும் இயர்போனால் உள்ளே தள்ளித் தள்ளி இடித்து வைத்திருக்கிறேன் என்றாள். ஏற்கனவே இடது காதுத் துவாரம் கொஞ்சம் குறுகலானதாம், அழுக்கும் வருஷக்கணக்காகச் சேர்ந்து வந்திருக்கிறதாம். ஒரு மெல்லிய குழாயை உள்ளே விட்டு உறிஞ்சத் தொடங்கினாள். காதுக்குள் லாரி ஓடுவதுபோல் ஒரு சத்தம். தலை சுற்றியது. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு உள்ளே ஏதோ ஒன்று நகர்ந்து, பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தது.

அந்த நொடியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அறைக்கு இடது பக்கம் என்று ஒன்று திடீரென்று முளைத்தது. ஏர்கான் ஓடுகிற சத்தம். வெளியே நடையில் யாரோ செருப்பைத் தேய்த்து நடக்கும் சத்தம். டாக்டர் காகிதம் கிழித்தாள், அது பட்டாசு மாதிரி கேட்டது. மனைவி இடது பக்கம் குனிந்து மெதுவாக, "கேக்குதா?" என்றாள்.

"கத்தாத," என்றேன்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. டாக்டருக்கு நாங்கள் பேசியது புரியவில்லை. ஆனாலும் அவளும் சிரித்தாள்.

காதுச் சவ்வு நன்றாக இருந்தது. பிறகு ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். சில ஒலிகளுக்கு நான் அழுத்தவில்லை என்பதை வெளியே வந்தபோது டாக்டர் காட்டிய படத்தில் பார்த்தேன். கோடு கடைசியில் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது, இரண்டு காதுக்கும். ரொம்ப மெல்லிய, உச்சத்தில் கேட்கிற சத்தங்கள் போயிருக்கின்றன. ஆலையும் வயதும் சேர்ந்து செய்தது, திரும்ப வராது என்றாள். மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது, இப்போதைக்குக் கருவி எதுவும் வேண்டாம், வருஷத்துக்கு ஒரு முறை வந்து காட்டினால் போதும்.

இவ்வளவுதானா என்று இருந்தது. முழுக்கப் போய்விட்டது என்று நினைத்து வந்தவனுக்கு ஓரத்தில் கொஞ்சம் கிழிந்ததோடு திரும்பக் கிடைத்தது. போதும் எனக்கு. படியிறங்கும்போது கால் லேசாக இருந்தது.

திரும்பும் வழியில் மச்சான் பாட்டுப் போட்டான். நான் அவனிடம் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"ஒன் பாட்டெல்லாம் போச்சேப்பா. என்னா செய்யிறது?"

"விடுங்க மாமா. பாட்டு எங்கயாச்சும் கெடைக்கும். திரும்பச் சேத்துக்கலாம்."

அவன் மனதாரத்தான் சொன்னான். ஆனாலும் சிலவற்றை எந்தக் கடையிலும் வாங்க முடியாது என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். கடை மூடியவர்கள், ஊர் மாறிப் போனவர்கள் கொடுத்த சிடிகள் அவை.

இரண்டு நாள் கழித்து, இருப்பதையாவது சரியாக அடுக்கலாம் என்று மச்சானிடமிருந்து டிஸ்க்கைத் திரும்ப வாங்கி வந்து மகளுடைய மடிக்கணினியில் செருகினேன். மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தவள் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"குப்பத் தொட்டி நெறஞ்சு கெடக்கு. இங்கயும் கொட்ட மாட்டீங்களா?"

வீட்டுக் குப்பையை நான் நேரத்துக்கு வெளியே வைப்பதில்லை என்பது அவளுடைய பழைய புகார். நானும் திரையைப் பார்த்தேன். மூலையில் இருக்கும் அந்தச் சின்னத் தொட்டிப் படத்துக்குள் கசக்கிய காகிதங்கள் தெரிந்தன. அன்று காலியாகக் கிடந்த தொட்டி. திறந்தேன். பாட்டுகள். பக்கம் பக்கமாக, கீழே இறங்க இறங்க முடிவில்லாமல், நான் அழித்த பாட்டுகள்.

மகளைக் கூப்பிட்டேன். அவள் போனிலேயே விளக்கினாள். டிஸ்க்கில் அழித்தது டிஸ்க்குக்குள்ளேயே ஒரு மூலையில்தான் கிடக்குமாம். டிஸ்க்கைச் செருகினால்தான் கணினியின் தொட்டியில் அது தெரியும். அன்று நான் பார்த்தபோது டிஸ்க் மச்சானிடம் இருந்தது.

"அப்பா, எதையும் தொடாதீங்க," என்றாள். "எல்லாத்தையும் செலக்ட் பண்ணுங்க. 'ரிஸ்டோர்' இருக்கா? அத மட்டும் அமுக்குங்க."

அமுக்கினேன். பச்சைக் கோடு ஒன்று மெல்ல நகர ஆரம்பித்தது. மனைவி நின்றபடியே என் தேநீரைக் குடித்துவிட்டாள். இரண்டு பேருக்கும் அது தெரியவில்லை.

எல்லாம் வரவில்லை. தொட்டி நிரம்பிப் போனதில் முதலில் அழித்தவை அடியோடு போயிருந்தன. அவற்றுக்குக் கேசட் பதிவுதான் இனி. ஆனால் பெரும்பகுதி வந்துவிட்டது. மச்சான் செய்தி கேட்டு, வேலை உடையோடு வந்து நின்றான். தன் பெரிய ஹெட்போனைக் கொண்டுவந்திருந்தான்.

"மாமா, மொதல்ல நீங்க கேளுங்க."

அந்தப் பாட்டையே போட்டான். இந்த முறை திருப்பி மாட்ட வேண்டியிருக்கவில்லை. இடது பக்கம் வயலின்கள், வலது பக்கம் பாடகி, நடுவில் எங்கேயோ தபலா. ஒருவரை ஒருவர் இடிக்காமல், அவரவர் இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

இப்போது மறுபடியும் முதலிலிருந்து சுத்தம் செய்துகொண்டிருக்கிறேன். காதுக்குள் திணிக்கிற இயர்போனை மனைவி தூக்கிப் போட்டுவிட்டாள். ஸ்பீக்கரில் மெதுவாக வைத்துக் கேட்கிறேன். அவள் படுத்துக்கொண்டே, "அது வேணாம், மொத வந்ததே நல்லாருக்கு," என்று உள்ளேயிருந்து சொல்வாள். இருவருக்கும் ஒத்துப்போனால்தான் ஒன்றை நீக்குகிறோம். நீக்குவதையும் அழிப்பதில்லை, தனியாக ஒரு போல்டரில் போட்டு வைக்கிறேன். மச்சானுக்கு அவசரமில்லை. தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குள் அம்மன் பாட்டுகள் மட்டும் சரியாக இருந்தால் போதும் என்கிறான். அவை முதலிலேயே முடிந்துவிட்டன.

நேற்று மதியம் வேலை செய்துகொண்டிருந்தபோது எங்கோ கிறீச் கிறீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. பாட்டில்தான் கோளாறு என்று நினைத்து நிறுத்தினேன். சத்தம் நிற்கவில்லை. கூடத்து மின்விசிறி.

"இது எப்பருந்து கத்துது?" என்று மனைவியைக் கேட்டேன்.

"அது வருசக்கணக்கா கத்துது," என்றாள்.

நாற்காலியைப் போட்டு ஏறி, விசிறிக்கு எண்ணெய் விட்டேன்.